புதிய மெட்ரோ தடத்தில் முதல் நாள் பயணம்: கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து போகிறவர்களுக்கு

பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் பேருந்துக்குள் உட்கார்ந்து நேரத்தைத் தொலைக்காத கிருஷ்ணகிரிக்காரர் அரிது. வேலைக்குப் போனாலும், ஜெயதேவா மருத்துவமனைக்குப் போனாலும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போனாலும் நம் பேருந்துகள் அந்த இடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்த நெரிசலுக்கு மேலேயே ரயில் ஓட ஆரம்பித்தது 2025 ஆகஸ்டில். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 16 நிலையங்கள், சுமார் 19 கிலோமீட்டர். பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் அது. பெங்களூரில் திறந்த தடங்களிலேயே நம் மாவட்டத்துக்கு மிக நெருக்கமாக வந்து நிற்பது இதுதான்.

மஞ்சளோடு இது முடியப்போவதில்லை. சில்க் போர்டில் வந்து சேர நீலத் தடம், ஜெயதேவாவைக் கடந்து போக இளஞ்சிவப்புத் தடம் என்று வரிசை இருக்கிறது. சென்னையிலும் இரண்டாம் கட்டத் தடங்கள் இருக்கின்றன. ஒரு புதுத் தடம் திறக்கிற நாளில் அதில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நல்ல ஆசை அது. ஒரு நகரமே சேர்ந்து ஒன்றை முதன்முறை பார்க்கிற நாள் அடிக்கடி வராது. அந்த நாளில் எப்படிக் கிளம்ப வேண்டும், எங்கே ஏற வேண்டும், எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதை மஞ்சள் தடத்தின் முதல் நாளை மாதிரியாக வைத்துச் சொல்கிறேன். மெட்ரோவில் இதுவரை ஏறாதவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

எந்த நாள் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

திறப்பு விழா ஒரு நாள், பொதுமக்கள் ஏறுவது இன்னொரு நாள் என்று அமைவது வழக்கம். செய்தியில் "இன்று திறப்பு" என்று கேட்டதும் கிளம்பினால், பாதுகாப்புக் கெடுபிடியையும் மூடிய கதவையும்தான் பார்ப்பீர்கள். மஞ்சள் தடத்தைப் பிரதமர் மோடி தொடங்கி வைத்தது 2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. மக்கள் சீட்டு வாங்கி ஏறியது மறுநாள் திங்கட்கிழமை, காலை 6:30 மணியிலிருந்து. கொச்சியில் 2017 ஜூன் 17 அன்று விழா நடந்தது, பொதுச் சேவை 19ஆம் தேதிதான் தொடங்கியது. சென்னையில் மட்டும் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் தடம் திறந்த அன்றைக்கே மக்களும் ஏறினார்கள்.

ஆகவே தேடிப் பார்க்க வேண்டியது விழா தேதியை அல்ல. பொதுமக்களுக்கான முதல் ரயில் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த நிலையத்திலிருந்து என்ற மூன்றும்தான் வேண்டும். மெட்ரோ நிறுவனம் இதை ஓரிரு நாள் முன்னால் அறிவித்துவிடும். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படத்தை நம்பி ஓசூர் தாண்டிப் போக வேண்டாம்.

எத்தனை ரயில் ஓடும் என்று கேளுங்கள்

இதை ரொம்பப் பேர் கேட்பதில்லை. ஆனால் அன்றைக்கு உங்கள் பயணம் இனிக்குமா கசக்குமா என்பதை முடிவு செய்வதே இதுதான். புதுத் தடம் பெரும்பாலும் குறைவான ரயில்களோடுதான் தொடங்கும். பாலமும் நிலையமும் முன்பே முடிந்திருக்கும். பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்து, ஒவ்வொரு ரயிலும் இரவு பகலாகச் சோதனை ஓட்டம் முடித்து, மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையரின் அனுமதி கிடைத்த பிறகே ஓட்ட முடியும். மஞ்சள் தடம் தாமதமானதற்கும் ரயில் பெட்டிகள் வராததே பெரிய காரணம். கடைசியில் மூன்றே ரயில்களோடு தொடங்கினார்கள். இரண்டு ரயில்களுக்கு நடுவே 25 நிமிட இடைவெளி.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறக்குறைய 35 நிமிடம். போக 35, வர 35, இரண்டு முனைகளிலும் திரும்பச் சேர்த்து ஐந்து நிமிடம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 75 நிமிடம். அதை மூன்று ரயிலுக்குப் பங்கிட்டால் 25. பின்னால் நான்காவது ரயில் வந்தபோது இடைவெளி 19 நிமிடமாகவும், ஐந்தாவது வந்தபோது 15 நிமிடமாகவும் குறைந்ததும் இதே கணக்குப்படிதான். எந்த ஊரில் எந்தத் தடம் திறந்தாலும் சுற்று நேரத்தை ரயில்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு ரயிலைத் தவறவிட்டால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். 25 நிமிட இடைவெளி என்றால், கூட்டத்தால் இரண்டு ரயில்களை விட்டுவிட நேர்ந்தாலே ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட ஆகிவிடும். முதல் நாளில் இது சாதாரணம். அதை மனத்தில் வைத்துக் கிளம்புகிறவர்களுக்கு எரிச்சல் வராது.

இதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அன்றைக்கு மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தால், தேர்வு எழுதப் போவதாக இருந்தால், வேலைக்கு நேர்காணல் இருந்தால், வழக்கமான பேருந்திலேயே போய்விடுங்கள். முதல் நாள் மெட்ரோ, வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதவர்களுக்கு.

நம் பக்கத்திலிருந்து ஏறுவது நமக்கு வசதி

பெங்களூர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. காலையில் கூட்டம் நகரத்திலிருந்து எலக்ட்ரானிக் சிட்டியை நோக்கி வரும், மாலையில் அங்கிருந்து நகரத்துக்குத் திரும்பும். நாம் பொம்மசந்திராவில் ஏறிக் காலையில் நகரத்துக்குப் போய், மாலையில் திரும்பி வருகிறவர்கள். இரண்டு வேளையும் கூட்டத்துக்கு எதிர்த்திசை. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் இரண்டு பக்கமும் இருப்பார்கள்தான். ஆனாலும் அலுவலகக் கூட்டம் நம் பக்கம் சேராது. அதோடு பொம்மசந்திரா கடைசி நிலையம் என்பதால் ரயில் அங்கே காலியாகும். உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு மிக அதிகம் உள்ள இடம் அதுதான்.

அங்கே போய்ச் சேருவது எப்படி? கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் போகும் பேருந்துகள் சூளகிரி, ஓசூர், ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, சந்தாபுரம் வழியாகப் பொம்மசந்திராவைத் தாண்டித்தான் போகும். ஆனால் எல்லாப் பேருந்தும் அங்கே நிற்காது. ஏறும் முன் நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள்: "அண்ணா, பொம்மசந்திரா மெட்ரோகிட்ட நிறுத்துவீங்களா?" நிற்காது என்றால் ஓசூரில் இறங்கி அத்திப்பள்ளி போய், அங்கிருந்து பெங்களூர் மாநகரப் பேருந்தைப் பிடிப்பது நிச்சயமான வழி. சிலர் தூக்கத்தில் பொம்மசந்திராவை விட்டுவிடுவார்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் பேருந்து உயர்மட்டச் சாலையில் ஏறிவிட்டால் சில்க் போர்டு வரை இறங்க முடியாது. அதனால் அத்திப்பள்ளி வந்ததும் விழித்துக்கொள்ளுங்கள்.

தருமபுரிக்காரர்களுக்கு ரயிலும் உண்டு. சேலம் – பெங்களூர் ரயில் பாதை தருமபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போகிறது. ஓசூரில் இறங்கி மேலே சொன்ன வழியில் போகலாம். கிருஷ்ணகிரி நகரத்துக்கு இந்த வசதி இல்லை என்பது நமக்குப் பழைய ஏக்கம்.

இன்னொரு விஷயம், பெண்களுக்காக. கர்நாடக அரசுப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்பது அந்த மாநில முகவரி உள்ள அடையாள அட்டைக்குத்தான். கிருஷ்ணகிரி முகவரி போட்ட ஆதாரைக் காட்டினால் சீட்டு வாங்கச் சொல்வார்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ரயிலேயே வேண்டும் என்றால் கிருஷ்ணகிரியில் காலை நான்கு மணிக்குள் பேருந்து ஏறியாக வேண்டும். தருமபுரியிலிருந்து அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால். முதல் ரயிலுக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வயதானவர்களையோ குழந்தைகளையோ கூட்டிப் போகிறவர்களுக்கு என் யோசனை வேறு: காலை 11 மணிக்கு மேல், மாலை 4 மணிக்குள். அலுவலகக் கூட்டம் வடிந்திருக்கும், காலைச் சாப்பாடும் வீட்டிலேயே முடிந்திருக்கும்.

கிளம்பும் முன் பையில் என்ன இருக்க வேண்டும்

குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். நுழைவாயிலில் பையைக் கருவியில் போட்டுச் சோதிப்பார்கள். கத்தி, அரிவாள், பெட்ரோல் எதுவும் உள்ளே போகாது. ரயிலுக்குள் சாப்பிடக் கூடாது. புளிச்சோறு கட்டி எடுத்துப் போகலாம், ஆனால் வெளியே வந்துதான் பிரிக்க வேண்டும். திரும்பும்போது நகரத்தில் மூட்டை மூட்டையாகச் சாமான் வாங்கிக்கொண்டு மெட்ரோவில் ஏறும் திட்டம் அன்றைக்கு வேண்டாம். தண்ணீர், தொப்பி, கைபேசிக்கு முழு சார்ஜ், ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் ரொக்கம். இவ்வளவு போதும்.

குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் கைபேசி எண்ணை எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். அன்றைய கூட்டத்தில் அது உதவும்.

சீட்டு

டிராம் வண்டி என்றால் சாலையோரத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்து ஏறிவிடலாம். மெட்ராசில் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் அப்படித்தான் ஓடியது, உள்ளே நடத்துநர் வந்து சீட்டு கொடுப்பார். மெட்ரோவில் ஏறுவதற்கு முன்பே எல்லாம் முடிந்தாக வேண்டும். சாலையிலிருந்து படி அல்லது மின்படி ஏறி முதல் தளம், அங்கே சோதனை, சீட்டு, தானியங்கிக் கதவு, பிறகு மறுபடி ஏறி நடைமேடை. சாதாரண நாளில் பத்து நிமிட வேலை. முதல் நாளில் சீட்டு வரிசை ஒன்றே உங்கள் நேரத்தைத் தின்றுவிடும்.

வரிசையைத் தவிர்க்க எளிய வழி, கைபேசியில் கியூஆர் சீட்டு எடுப்பது. மெட்ரோவின் செயலியிலும் வாட்ஸ்அப்பிலும் எடுக்கலாம். அன்றைய தேதிக்கு மட்டும்தான் செல்லும், அதனால் முந்தின நாளே எடுத்து வைக்க முடியாது. காலையில் பேருந்தில் வரும்போதே எடுத்துவிடுங்கள். நிலையத்து வாசலில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கைபேசியைத் தட்டும்போது நெட் கிடைப்பது கஷ்டம். எடுத்ததும் திரையைப் படம்பிடித்து வைப்பதும் நல்லது. பெங்களூரில் உறவினர் இருந்தால் பழைய தடத்து நிலையம் ஒன்றில் முன்கூட்டியே பயண அட்டை வாங்கி வைக்கச் சொல்லலாம். அட்டைக்குக் கட்டணத்தில் 5 சதவீதம் குறையும், புதுத் தடத்திலும் அதே அட்டை செல்லும்.

இரண்டும் இல்லாவிட்டால் கவுன்டரில் டோக்கன். வட்டமான சிறு வில்லை. உள்ளே போகும்போது கதவில் காட்ட வேண்டும், வெளியே வரும்போது கதவின் துளையில் போட வேண்டும். அதுவரை ஆளுக்கு ஒன்றாக அவரவர் கையில் பத்திரம். பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோட்டுக்குத் தடம் திறந்தபோது கட்டணம் 60 ரூபாய். பெங்களூர் மெட்ரோ முழுவதற்கும் அப்போது குறைந்தது 10, அதிகபட்சம் 90. மூன்றடிக்குக் குறைவான குழந்தைகளுக்குச் சீட்டு வேண்டாம், தூக்கிக்கொண்டோ கையைப் பிடித்தோ கூடவே கூட்டிப் போகலாம்.

முதல் நாள் பயணிகள் பலர் நினைப்பது: "ஒரு சீட்டு எடுத்து, கடைசி வரை போய், இறங்காமலே திரும்பி வந்துவிடலாம்." அது நடக்காது. ஏறிய நிலையத்திலேயே வெளியே வர அந்தச் சீட்டு செல்லாது. உள்ளே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு, தாண்டினால் கூடுதல் பணம் கட்ட வேண்டும். மறுமுனையில் வெளியே வந்து புதுச் சீட்டு எடுத்து ஏறுங்கள்.

இன்னொன்று, பெயர்ப் பலகைகள். சில நிலையங்களின் பெயருக்கு முன்னால் நிறுவனப் பெயர் சேர்ந்திருக்கும். பொம்மசந்திரா என்று தேடினால் "டெல்டா எலக்ட்ரானிக்ஸ் பொம்மசந்திரா" என்று இருக்கும். ஹெப்பகோடி "பயோகான் ஹெப்பகோடி" ஆகியிருக்கும். குழம்ப வேண்டாம், கடைசிச் சொல்லைப் பாருங்கள்.

மின்படியும் நடைமேடையும்

மின்படியில் முதல்முறை கால் வைக்கிற ஆயா, தாத்தா உங்களோடு இருந்தால் லிப்ட் எங்கே என்று கேட்டு அதில் கூட்டிப் போங்கள். எல்லா நிலையத்திலும் லிப்ட் உண்டு. கூட்டத்துக்கு நடுவே மின்படியில் ஒருவர் தடுமாறினால் பின்னால் வருகிறவர்களும் விழுவார்கள். புடவை முந்தானையைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளட்டும், குழந்தையின் கை உங்கள் கையில் இருக்கட்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் அங்கேயே நின்று படம் எடுக்காமல் நாலு அடி தள்ளிப் போய்விடுங்கள்.

நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். காரணம் தெரிந்தால் யாரும் தாண்டமாட்டார்கள். நம் ஊர் ரயிலுக்கு மின்சாரம் தலைக்கு மேலே கம்பியில் வரும். பெங்களூர் மெட்ரோவில் தண்டவாளத்தை ஒட்டி ஓடும் மூன்றாவது தண்டில் 750 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. மேலே கம்பி இல்லையே என்று நினைத்து, விழுந்த கைபேசியையோ செருப்பையோ எடுக்க யாராவது இறங்கினால் உயிர் போய்விடும். எது விழுந்தாலும் ஊழியரைக் கூப்பிடுங்கள்.

கூட்டம் மிகுந்தால் ஊழியர்கள் கீழ்த்தளத்திலேயே ஆட்களை நிறுத்தி வைப்பார்கள். தள்ள வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம். அதே பெங்களூரில் 2025 ஜூன் 4 அன்று கிரிக்கெட் கொண்டாட்டத்துக்குச் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே கூடிய கூட்டத்தின் நெரிசலில் 11 பேர் இறந்துபோனார்கள். மஞ்சள் தடம் திறந்தது அதற்கு இரண்டே மாதம் கழித்து. மகிழ்ச்சியாக வந்த கூட்டம்தான் அதுவும். நிறுத்தி வைக்கிற ஊழியர் நம்மைக் காப்பாற்றுகிறார்.

ரயில் ஆறு பெட்டிகள் கொண்டது. படி வந்து சேரும் இடத்தில்தான் எல்லோரும் குவிவார்கள். நடைமேடையின் ஓரங்களுக்கு நடந்து போனால் முதல் பெட்டியோ கடைசிப் பெட்டியோ கொஞ்சம் காலியாக இருக்கும். இறங்குகிறவர்களுக்கு நடுவில் வழிவிட்டுப் பக்கவாட்டில் நில்லுங்கள். கதவு மூடும் ஒலி கேட்ட பிறகு ஓடி ஏறாதீர்கள். குடும்பத்தில் ஒருவர் ஏறி இன்னொருவர் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், நின்றவர் அடுத்த ரயிலில் வந்து சேர வேண்டும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேடிக் கிளம்பினால் அன்றைய பொழுது போய்விடும்.

என்ன பார்க்கலாம்

தடம் முழுவதும் மேலேயேதான், சுரங்கம் கிடையாது. வெளிச்சத்தில் போவதே நல்லது.

பொம்மசந்திராவில் கிளம்பியதும் தொழிற்பேட்டைக் கூரைகள், பிறகு எலக்ட்ரானிக் சிட்டி. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலை செய்கிற இடங்கள். அங்கிருந்து சில்க் போர்டு வரை, நம் பேருந்துகள் போகும் உயர்மட்டச் சாலை பக்கத்திலேயே கூட வரும். அந்தச் சாலை 2010இல் திறந்தது. அப்போது இனி நெரிசல் தீர்ந்தது என்று பேசிக்கொண்டோம். அதையும் ஒரு காலத்தில் ஆவலோடு பார்த்த நம் ஊர்க்காரர்கள் இப்போது அதன் பக்கத்தில் ரயிலில் போகிறார்கள்.

மத்திய சில்க் போர்டு நிலையத்தில் கட்டாயம் சன்னலோரம் நின்று கீழே பாருங்கள். அதன் பிறகு வருவதுதான் இந்தத் தடத்தின் சிறப்பு. சில்க் போர்டுக்கும் ராகிகுட்டாவுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஈரடுக்குப் பாலம்: ஒரே தூண்களில் கீழ் அடுக்கில் கார்கள், மேல் அடுக்கில் ரயில். ஜெயதேவா நிலையம் வரும்போது எவ்வளவு உயரத்தில் போகிறோம் என்பது தெரியும். குழந்தைகளுக்கு அந்த இடத்தை முன்பே சொல்லி வைத்தால் ஆவலோடு காத்திருப்பார்கள்.

இந்த ரயில்கள் ஓட்டுநர் இல்லாமலே ஓடக்கூடிய அமைப்புக் கொண்டவை. ஆனாலும் தொடக்கத்தில் ஓட்டுநரை வைத்தே ஓட்டினார்கள். ஆகவே முன்னால் ஆள் இருந்தால் ஏமாந்து போகாதீர்கள்.

ஆர்.வி. ரோட்டில் இறங்கிய பிறகு உடனே திரும்ப வேண்டாம். அங்கிருந்து பச்சைத் தடத்துக்கு மாறி மூன்றாவது நிலையத்தில் இறங்கினால் லால்பாக் பூங்கா. பசியாறி, மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து, சாயங்காலக் கூட்டம் சேர்வதற்குள் கிளம்பலாம். நேராக லால்பாக்குக்கே சீட்டு எடுத்துவிட்டால் நடுவில் வெளியே வர வேண்டிய அவசியமும் இல்லை. மெஜஸ்டிக் போகிறவர்களும் இதே பச்சைத் தடத்தில் தொடரலாம்.

திரும்பும் வழி

ஏறும் முன்பே கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்து வையுங்கள். ஆனால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். பொம்மசந்திராவில் இறங்கிய பிறகும் நமக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் இருக்கிறது. இரவு எட்டு மணிக்குள் பொம்மசந்திராவில் இருப்பது போலத் திட்டமிடுங்கள்.

பெங்களூரிலிருந்து வரும் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பேருந்துகள் அங்கே வரும்போது பெரும்பாலும் நிரம்பியிருக்கும், கை காட்டினாலும் நிற்கும் என்று சொல்ல முடியாது. மாநகரப் பேருந்தில் அத்திப்பள்ளி, அங்கிருந்து ஓசூர் பேருந்து நிலையம் என்று வந்துவிட்டால் கவலை தீர்ந்தது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இரவு நெடுநேரம் வரை பேருந்து உண்டு. தருமபுரிக்கு நேர்ப் பேருந்து கிடைக்காவிட்டால் கிருஷ்ணகிரி வந்து மாறிக்கொள்ளலாம்.

பயண அட்டை வாங்கியிருந்தால் அதில் மீதிப் பணம் இருக்கும். அட்டையைப் பத்திரமாக வைத்து, அடுத்து பெங்களூர் போகிற தம்பி தங்கையிடம் கொடுத்து அனுப்புங்கள். யார் கையில் இருந்தாலும் அது செல்லும்.